விதைச்சோளம்

அடையாறில் ஒரு கடையில் சோளக்களியை ஆரோக்கிய உணவென்று விற்கிறார்கள். அந்த வாசனை என்னை, தொண்ணூறுகளில் அதே தெருவில் நாங்கள் இருந்த தகரக் கொட்டகைக்கு இழுத்துப்போனது. தருமபுரிப் பக்கம் மழை பொய்த்து, ரேஷன் அரிசி வந்தபின் சோளம் வாங்கவும் ஆளில்லாமல், கட்டட வேலைக்கு வந்த அப்பா, மழை பெய்தால் திரும்பிப்போய் விதைக்கவென்று, பூச்சி அண்டாமல் சாம்பலில் புரட்டிய விதைச்சோளத்தைப் பானையோடு கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும், "அங்க மழ பேஞ்சுதா?" என்பார்.

மழை இங்கே பெய்தது. தகரம் ஓயாமல் அதிர்ந்த அந்த வாரம் வேலையில்லை. ரேஷன் கார்டும் ஊரோடு சரி. அம்மா சாம்பலைக் கழுவி, சோளத்தை இடித்துக் களி கிண்டினாள். அப்பா காலிப் பானையைப் பார்த்தார். "புள்ளைங்களுக்கு மொதல்ல போடு" என்றார்.

அதன்பிறகு ஊர்க்காரர்கள் மழைப் பேச்செடுத்தால், எழுந்து வெளியே போய்விடுவார்.