மாமியாவின் மருமகள்

அவள் கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் இல்லை, மாமனாரும் இல்லை. போட்டோகிராபர் கணவனும், விளக்குப் பிடிக்கும் கொழுந்தனும், அலமாரியின் நடுத்தட்டில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு கேமராவும்தான். வந்த மறுநாள் கொழுந்தன் அந்தத் துணியை விலக்கிக் காட்டினான். ஜப்பானில் செய்தது, அண்ணன் யாரிடமோ பழசாக வாங்கியது. நெற்றியில் மாமியா என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

"மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோஷமா வந்திருப்பீங்க அண்ணி. இதோ, இவங்கதான். வாயே திறக்க மாட்டாங்க. ஆனா இந்த வீட்டுல எல்லாரும் இவங்க சொல்றபடிதான் ஆடணும்."

புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சில வாரங்களிலேயே அது வெறும் வேடிக்கையில்லை என்று புரிந்தது. மாமியாருக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, தூசி ஆகவே ஆகாது. பஸ்ஸில் ஒரே ஒரு இடம் கிடைத்தால் அது மாமியாருக்குத்தான். யார் மடியில் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. லென்ஸின் துருத்தியை முன்னால் நீட்டி, கேமராவின் மேலிருக்கும் கண்ணாடியில் காட்சி தெளியும்வரை ஒரு குடும்பமே மூச்சடக்கி நிற்கும். கல்யாண வீடுகளில் இந்தப் பேச்சு பரவி, சமையல்காரரிலிருந்து மைக் செட்டுக்காரர் வரை எல்லாரும் அவளை மருமகள் என்றே கூப்பிட்டார்கள்.

அவள் வேலை ரோல் மாட்டுவது. அந்தக் கேமராவில் ஒரு ரோலுக்குப் பத்துப் படம்தான். பிலிம் கேமராவுக்குள் இருக்காது, பின்னால் மாட்டும் மேகசின் என்ற பெட்டியில் இருக்கும். ஒரு மேகசினில் பத்தும் முடியும்போது அடுத்தது தயாராகக் கைக்கு வரவேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிக்கிற நேரத்தில் ரோல் தீர்ந்துபோனது என்று யாரிடம் சொல்வது? முதலில் கொழுந்தன்தான் மாட்டினான். விளக்கையும் பிடித்துக்கொண்டு, எதிரில் வரும் பெண்களையும் பார்த்துக்கொண்டு மாட்டியதில் ஒரு முறை பிலிமின் முதுகில் சுற்றிய காகிதம் கோணலாக ஏறி ரோலே வீணானது. அடுத்த கல்யாணத்திலிருந்து அந்தப் பை அவள் தோளுக்கு வந்தது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி ஒரு மூலையில் உட்கார்வாள். தீர்ந்த ரோலை எடுத்து, அதன் நுனியிலிருக்கும் பசையை நாக்கால் தடவி ஒட்டி, புதியதை ஏற்றி, அம்புக்குறியைப் புள்ளிக்கு நேராக வைத்து மூடுவாள். நிமிரும்போது கணவனின் கை பின்பக்கமாக நீண்டிருக்கும். எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயும் ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை.

பாப்பா பிறந்தாள். எந்தக் கல்யாணமும் பத்தின் கணக்கில் முடிவதில்லை. கடைசி ரோலில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். மிஞ்சியதைப் பாப்பாவுக்குச் செலவழிப்பது வீட்டு வழக்கமாயிற்று. வந்ததும் வராததுமாகக் கணவன் ஜன்னலோரம் கேமராவை முக்காலியில் நிறுத்திக் குனிந்து மேலிருந்து பார்ப்பான். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். அதனால் "இந்தப் பக்கம் வாடா, இல்லல்ல, அந்தப் பக்கம்" என்று அவன் தடுமாற, பாப்பா வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் ஓடுவாள். இந்தக் கூத்து நடக்கும்போது மருமகள் அடுப்படியிலிருப்பாள், இல்லையென்றால் மற்ற மேகசின்களைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"சீக்கிரம் முடிங்க. நான் ரோலைக் கழட்டணும்."

"முடிஞ்சுது, முடிஞ்சுது. இந்தா."

பாப்பாவின் படங்களைப் பிறகு பிரிண்ட் போடலாம் என்பான். வாடிக்கையாளர் வேலைக்கே பேப்பர் பற்றாது. பிறகு என்பது வரவேயில்லை.

மூன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். டாக்டரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அது தலைக்கு ஏறியபோது யார் கையிலும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிள்ளை வீட்டுக்கு நடந்து வரவில்லை.

துக்கத்துக்கு வந்த ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, பாப்பா போட்டோ ஒன்று எடுத்து வைக்கக்கூடாதா என்று கேட்டார். கொழுந்தன் அலமாரியைக் கலைத்தான், ஸ்டுடியோவுக்கு ஓடினான், திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். பல் முளைக்காத வயதில் எடுத்த ஒன்று கிடைத்தது, அதில் முகம் எந்தக் குழந்தையின் முகமாகவும் இருக்கலாம். பள்ளிக்கூட அட்டையில் ஒட்டிய நகம் அளவு படம் இன்னொன்று. அதுவும் முத்திரை மை பட்டுப் பாதி மறைந்தது. போட்டோகிராபர் வீட்டில் வேறெதுவும் இல்லை.

ஒரு மாதம் ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. பிறகு ஒப்புக்கொண்ட கல்யாணம் ஒன்று வந்தது. தட்ட முடியாமல் போனார்கள். அவளும் போனாள். விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கணவன் மேகசினைத் திருப்பி எண்ணைப் பார்த்தான்.

"ரெண்டு மீதி இருக்கு" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். "பாப்பாவ எடுத்ததெல்லாம் எங்கங்க?"

அவன் மேகசினை மேசைமேல் வைத்தான்.

"ஸ்டுடியோல இல்லன்னு தம்பி சொன்னாரு. அப்ப எங்க?"

"குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ஆல்பத்தோட நெகடிவையும் சேத்துக் குடுத்துடுவேன்ல. அவங்க கல்யாணம், அவங்க நெகடிவ். பாப்பாவோடது அதுலதான் கடைசில இருக்கும். வெட்டி எடுத்து வைக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன்."

அன்றைக்கு அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலையில், யார் யார் வீட்டில் என்று சொல்லுங்கள், போய்க் கேட்கிறேன் என்றாள். அவன் எரிந்து விழுந்தான்.

"ஊரார் வீட்டுக் கதவைத் தட்டி என் பிள்ளை இங்க இருக்காளான்னு கேப்பியா? வேணாம், விட்டுடு. எனக்குக் கண்ண மூடினா தெரியுறா."

"உங்களுக்குத் தெரியும். நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. நான் எப்ப பாத்தேன்? எனக்கு ரோலைக் கழட்டத்தான் நேரம் இருந்துச்சு."

சில நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்தபடியே, "பேங்க் கேஷியர் தங்கச்சி கல்யாணம். முன்பல் விழுந்த வாரம். ஒண்ணு மிஞ்சிச்சு" என்றான். அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு வீடாக அவன் வாயிலிருந்து உதிர்ந்தது. எந்தச் சட்டை, எந்த ஜன்னல், சிரித்தாளா முறைத்தாளா என்பது உட்பட எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. உடன் போக மட்டும் மறுத்துவிட்டான்.

கொழுந்தனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவள் போனாள். கேஷியர் வீட்டில் உறை பத்திரமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தந்தார்கள். இன்னொரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து நெகடிவோடு ஆல்பத்தையே எரித்திருந்தார்கள். அந்தப் பெண்ணிடம், பாப்பாவும் அதில் இருந்தாள் என்று சொல்ல மருமகளுக்கு மனம் வரவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லித் திரும்பினாள். ஒரு வீட்டில் நெகடிவ்கள் மழைநீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன.

ஒரு தையல் ஆசிரியை வீட்டில் நடந்தது வேறு. விஷயத்தைக் கேட்ட ஆசிரியை ஆல்பத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே, மணமக்களின் உறவினர் கூட்டத்துக்குக் கீழே, பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெகடிவ வேற ஸ்டுடியோல குடுத்து இன்னொரு தடவ பிரிண்ட் போட்டப்ப இதுவும் வந்துச்சு" என்றாள் ஆசிரியை. "நான் எங்க வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம்னு நெனச்சேன். அவர் எங்க பக்கம்னு நெனச்சிருக்காரு. யாரும் யாரையும் கேக்கல. என் மாமியார் இருந்தவரைக்கும், இந்தப் பொண்ணு எங்க பெரியம்மா சாடைன்னு சொல்லிட்டிருப்பாங்க."

கொழுந்தன் சிரித்துவிட்டான். சிரித்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருமகள் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது முழங்காலில் ஒரு கட்டு. அது எப்போது விழுந்த காயம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. தான்தானே கட்டியிருக்க வேண்டும் என்று யோசித்தபோதுதான், பாப்பா போனபின் முதன்முதலாக, வாய்விட்டு அழுதாள். ஆசிரியை படத்தை உரித்துத் தர வந்தாள்.

"இருக்கட்டும்மா. நெகடிவ் மட்டும் குடுங்க. அவ இங்கயும் இருக்கட்டும்."

எல்லா வீடுகளும் முடிந்தபோது தேறியது நாலு நெகடிவ். அவள் அவற்றைக் கணவன் முன்னால் மேசையில் வைத்தாள். அவன் உறைகளைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள்; அதுவரை அங்கே தண்ணீர் வாளி வைப்பதற்கு மட்டுமே போயிருக்கிறாள். சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில், வெள்ளைக் காகிதத்திலிருந்து முதலில் தலைமுடியும் பிறகு கண்களும் வந்தன. இடுக்கி பிடித்த கையைத் தட்டிலிருந்து எடுக்க அவன் மறந்துவிட்டான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது படத்தில் பாப்பா ஓடிவிட்டிருந்தாள். ஜன்னல் கூர்மையாக இருந்தது, நாற்காலி கூர்மையாக இருந்தது, நடுவில் பிள்ளை மட்டும் ஒரு வெள்ளைப் புகை.

"இது தேறாது. ஆடிட்டா" என்று அவன் அதைக் கசக்கப் போனான்.

"குடுங்க. நிக்கச் சொன்னா அவ என்னைக்கு நின்னா?"

மற்ற மூன்றையும் கூடத்தில் மாட்டினார்கள். அந்த நாலாவதை அவள் தன் படுக்கைப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள்.

அதன் பிறகும் பல வருடம் அவள் ரோல் மாட்டினாள். மிஞ்சிய படங்களை யாரும் பயன்படுத்தவில்லை. வெறுமனே சுருட்டி முடித்துவிடுவாள். பிலிம் வேலை நின்றது, கொழுந்தன் வேறு தொழிலுக்குப் போனான், ஒரு குளிர்காலத்தில் கணவனும் போய்ச் சேர்ந்தான். பழைய கேமரா சேகரிக்கிற ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தபோது, கொழுந்தன் "என்ன அண்ணி சொல்றீங்க?" என்று கேட்டான். கொடுத்துவிடலாம் என்றாள். எடுத்துக் கொடுக்குமுன் மேகசின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றிலும் எதுவும் இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். மாட்டியதும் கழற்றியதும் அவள்தானே. ஆனாலும் பார்த்தாள்.

வந்தவர் கேமராவைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்றார். "இதுல நீங்களும் படம் எடுத்திருக்கீங்களாம்மா?"

"இல்லைங்க" என்றாள். "ஒண்ணுகூட எடுத்ததில்ல."

அவர் போனபின் அலமாரியின் நடுத்தட்டைத் துடைத்துவிட்டு, மடித்த துணிகளை அதில் அடுக்கினாள்.