வராத வருஷங்களின் வருமானம்

நைனா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். ஏரிக்கரைகளையும் மதகுகளையும் பராமரிக்கும் சர்க்கார் உத்தியோகம் அவருக்கு. திருவள்ளூரில் வாடகை வீட்டில் இருந்தோம். மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். சேறு அப்பிய செருப்பைத் தெருக்கோடிக் குழாயிலேயே கழுவிக்கொண்டு வருவார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில் அவர் பொறுப்பில் இருந்த ஏரி ஒன்று உடைந்தது. கீழே இருந்த வயல்களில் மணல் ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தக் கரையை அதற்கு முந்திய கோடையில்தான் ஒரு கான்ட்ராக்டர் பலப்படுத்தியிருந்தார். நைனா அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அரைகுறை வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று யாரோ மேலே மனு அனுப்பினார்கள். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி. விசாரணை முடிவதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டது. விசாரணை தீராமல் பென்ஷன் நிர்ணயிக்க முடியாது என்றார்கள்.

திருவள்ளூர் வீட்டைக் காலி செய்துவிட்டு பொன்னேரி வட்டாரத்து ஆரணிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு வந்தோம். அங்கே சித்தப்பா, நைனாவின் ஒரே தம்பி, பயிர் வைத்துக்கொண்டிருந்தார். பூர்வீக வீட்டில் பாதியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் பங்கு நெல் வாசலில் வந்து இறங்கும். உண்மையில் அதில் எங்களுக்குப் பங்கே கிடையாது. பாகம் பிரித்தபோதே உத்தியோகம் இருக்கிறதென்று நைனா தன் நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மா ஒருமுறை கூச்சப்பட்டு ஏதோ சொன்னபோது சித்தப்பா கோபித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணி, கணக்கா பாத்துக்கினு இருக்கோம்? அவரு நிலத்துலதானே நான் நாலு மூட்டை அதிகமா எடுக்கிறேன்? சோத்துக்கு இன்னா வெக்கம்?"

அப்படி ஒரு மனுஷன் அவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வருஷங்கள் போயின. விசாரணை அதிகாரிகள் மாறினார்கள். கோப்பு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனது. நைனா வாய்தாவுக்குப் போகும் நாட்களில் அம்மா பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டு அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள். சாயங்காலம் அதே சட்டை கசங்கித் திரும்பி வரும். "இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்கமாட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

நான் பொன்னேரியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலையில் பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து பாசஞ்சர் வண்டி. சுற்றிலும் சவுக்கும் சப்பாத்திக்கள்ளியும் இருந்த வெளியில் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மத்தியானத்துக்குள் மேஜை மேல் துரு நிறத்தில் ஒரு படலம் படிந்துவிடும். என் சம்பளம் பஸ்ஸுக்கும் மளிகைக்கும் போனது. சோறு சித்தப்பாவுடையது.

பிறகு ஒருநாள், யாரும் எதிர்பார்க்காதபோது, உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை; சஸ்பென்ஷன் காலத்துச் சம்பளமும், ஓய்வுபெறும்போது தர வேண்டிய கிராஜுவிட்டியும், ஓய்வு நாள் முதலான பென்ஷனும் வழங்கலாம். நைனா அதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினார். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரியபாளையத்தம்மா கண்ணு தொறந்துட்டா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

பாக்கி முழுவதும் ஒரே தவணையாகப் பொன்னேரி டிரஷரியில் கொடுத்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டு நைனாவோடு போயிருந்தேன். கையில் வந்த தொகை அவர் போட்டு வைத்திருந்த கணக்குக்குக் குறைவாக இருந்தது.

"இது இன்னா சார் பிடித்தம்?" என்று கேட்டார்.

"இன்கம் டாக்ஸ்" என்றார் குமாஸ்தா.

"எனக்கா? சர்வீஸ்ல இருந்தப்பகூட ஒரு பைசா கட்டினதில்லையே. அந்த அளவுக்கு எனக்குச் சம்பளமே கிடையாது."

"அப்ப இல்ல சார். இப்ப ஒரே வருஷத்துல இவ்ளோ வந்துக்குது பாருங்க. கிராஜுவிட்டிக்கு வரி இல்ல. பென்ஷன்ல ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமா வாங்கிக்கினீங்களே, அதுக்கும் இல்ல. மாசாமாசம் வர வேண்டிய பென்ஷனும் சம்பள பாக்கியும் வருமானம். வந்த வருஷத்துலதான் கணக்கு."

"அது ஏழெட்டு வருஷத்துக் காசு சார்."

"இருக்கலாம். ஆனா வந்தது இந்த வருஷம்தானே?"

குமாஸ்தாவின் பேச்சில் குதர்க்கம் எதுவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற ஆளை அவர் கூப்பிட, நாங்கள் நகர்ந்தோம். பஸ் ஸ்டாண்டில் நைனா டீ வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தார். "நாம சித்தப்பா நெல்லுல சாப்பிட்ட வருஷமெல்லாம் கவர்மென்ட் கணக்குல காணோம், பாப்பா. இந்த ஒரு வருஷத்துல மட்டும் நான் பணக்காரன்" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார்கூட. குற்றமற்றவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே, அந்தச் சந்தோஷம் அப்போதும் மீதியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடாததற்கு நானும் ஒரு காரணம். கம்பெனி அக்கவுன்டன்டிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு நிவாரணம் இருக்கும்மா. பழைய பாக்கிய அந்தந்த வருஷத்துக்குப் பிரிச்சுப் பாக்கச் சொல்லி மனு போடலாம். அப்படிப் பிரிச்சா உங்க அப்பாவுக்கு எந்த வருஷத்துலயும் வரியே வராது. புடிச்சதைத் திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றார்.

நைனா மெட்ராஸுக்குப் போய் மனு கொடுத்தார். வரி அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினாராம். வீட்டுக்கு வந்து நைனா எங்களிடம் அதிசயமாகச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. பென்ஷனுக்கும் சட்டத்தில் சம்பளம் என்றுதான் பெயர்.

"வேலையே செய்யாத மாசத்துக்கு எப்படி சார் சம்பளம்னு கேட்டேன். முன்ன செஞ்ச வேலைக்குப் பின்னால வர்ற சம்பளம்னாரு. அதுவும் நியாயமாத்தான் இருக்குது" என்றார்.

அந்தந்த வருஷத்துக்கு எவ்வளவு என்று பழைய இலாகாவிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்தார். வேறு வருமானம் ஏதாவது உண்டா என்று ஆள் அனுப்பி விசாரிப்போம், வழக்கமான நடைமுறைதான், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். நைனா பயப்படவில்லை. விசாரிக்கட்டுமே என்றார்.

விசாரிக்க வந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். நைனா சான்றிதழுக்காகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தார். வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில், "நான் இன்கம் டாக்ஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். ஏரி வேலையில இருந்து ரிட்டயரானவர் ஊடு எது?" என்று கேட்டிருக்கிறார். அவர் வேறெப்படித்தான் கேட்க முடியும்?

இன்கம் டாக்ஸ் என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆரணியில் அரிசி மில் வைத்திருந்தவர் வீட்டுக்கு ஒருமுறை அந்த ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து, பரண்மேல் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறைத்து வைத்த பணத்தைத் தேடுகிறவர்கள் அவர்கள். மற்றபடி இன்கம் டாக்ஸுக்கு ஊரில் வேறு அர்த்தம் கிடையாது.

வந்தவர் ஊர் நிலக்கணக்கு வைத்திருந்த கர்ணத்தைப் பார்த்து நைனா பேரில் நிலம் உண்டா என்று கேட்டார். களத்துமேட்டில் இருந்த சித்தப்பாவிடமும் போய்க் கேட்டார். உங்கள் பேரில் இருக்கும் நிலத்துக்குப் பணம் போட்டது யார், அண்ணனுக்கு வேறு ஊரில் சொத்து உண்டா, வட்டிக்கு விடுகிறாரா. அத்தனையும் அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது சித்தப்பா எங்கள் பக்கத்து வாசலில் நின்றிருந்தார். நைனாவும் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு" என்றார் சித்தப்பா. "வேற எங்கனா வாங்கிப் போட்டுகிறியா?"

"எதை?"

"நிலமோ, ஊடோ. அந்த ஆள் அப்படித்தான் கேட்டான். இல்லாதவன் ஊட்டுக்கு இன்கம் டாக்ஸ்காரன் எதுக்கு வரான்?"

நைனா நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பாக்கி மொத்தமாக வந்தது, அதில் வரி பிடித்தது, அதைத் திருப்பிக் கேட்டுத் தானே மனு போட்டது. சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் ஏறியதாக அவர் முகத்தில் தெரியவில்லை. நைனாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"இத பாருடா, ஏழு வருஷத்து மழை ஒரே நாள்ல பேஞ்சா இன்னா ஆவும்? ஏரி..."

"ஏரி ஒடஞ்ச கதைய நீ சொல்லாத அண்ணா" என்றார் சித்தப்பா.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா போவதற்குத் திரும்பியவர், நின்று சொன்னார்: "உன் கையில டப்பு இருந்து நெல்லு வாங்கிக்கினியேன்னு நான் கேக்கல. இல்லன்னு சொல்லி வாங்கிக்கினியே, அதான். ஒரு வருஷம் வெள்ளாமை பாழாப் போச்சு, ஞாபகம் இருக்குதா? கடன் வாங்கித்தான் உனக்கு நெல்லு எறக்கினேன். உன்கிட்ட சொல்லல."

எங்களுக்கு அது அதுவரை தெரியாது.

மறுநாள் நைனா பாக்கிப் பணத்தில் பெரும்பகுதியைத் துண்டில் முடிந்து கொண்டுபோய்த் தம்பி எதிரில் வைத்தார். அதைவிடத் தப்பான காரியம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை. "இந்தக் காசு எனக்கு வாணாம். எங்கேர்ந்து வந்துதோ" என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

இலாகாவில் ஏழு வருஷம் விசாரித்து, குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊர் ஒரு மத்தியானத்தில் விசாரித்து முடித்துவிட்டது. நைனா டீக்கடையில் உட்கார்ந்து கிராஜுவிட்டி, பென்ஷன், பாக்கி என்று விளக்கிப் பார்த்தார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "படிச்சவரு, நாலும் தெரிஞ்சி வெச்சிகிறாரு" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பாராட்டுதான் அவரை ஒடித்தது. மில்காரர் ஒருநாள் வழியில் நிறுத்தி, நல்ல ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார், கணக்கை ஜாக்கிரதையாகச் சரிசெய்து கொடுப்பார் என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். அனுதாபத்தோடுதான் சொன்னார்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று நைனா என்னிடம் கேட்டார். அக்கவுன்டன்டைக் கேட்டேன். "இப்ப வாபஸ் வாங்கினா எதையோ மறைக்கிறாருன்னுதான் நினைப்பாங்க" என்றார். வாங்கவில்லை. நைனா சான்றிதழ் கேட்டு இலாகாவுக்கு அலைந்தார். அந்த வருஷங்களின் கணக்குப் பக்கங்கள் விசாரணைக் கோப்போடு எங்கோ போயிருந்தன. தேடிக் கொடுக்கிறோம் என்றார்கள். வெள்ளைச் சட்டையை அம்மா மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷ அறுப்புக்கு எங்கள் வாசலில் நெல் இறங்கவில்லை. பென்ஷன் மாதாமாதம் வந்ததால் ஆரணிக் கடையில் அரிசி வாங்கினோம். கடை அரிசியில் கல் இருந்தது. அம்மா முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி நெல் அவிக்கும் வாசனை வரும். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

சான்றிதழ் கடைசியில் கிடைத்தது. பிரித்துக் கணக்கிட்டார்கள். அக்கவுன்டன்ட் சொன்னபடியே எந்த வருஷத்திலும் வரி வரவில்லை. பிடித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுத்து உத்தரவு வந்தது. நைனா அதை எடுத்துக்கொண்டு தம்பியிடம் ஓடினார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், அப்போது அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நானும் பின்னால் போனேன்.

சித்தப்பா வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கி வந்து கேட்டார். காகிதத்தை வாங்கவில்லை.

"கவர்மென்ட்டே எடுத்த காசைத் திருப்பிக் குடுத்துச்சா?" என்றார். "அப்ப மேல பெரிய ஆளைப் புடிச்சிகிறே. போவட்டும் அண்ணா. நல்லாரு."

கேலி இல்லை அதில். நிஜமாகவே வாழ்த்திவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். நைனா கீழே நின்றபடி காகிதத்தை மடித்தார். நான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் அந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. எனக்குப் பயண அலைச்சல் என்று ஊரில் காரணம் சொல்லிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். சித்தப்பா வண்டி கொடுத்து அனுப்பினார். பின்னால் என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இலை போட்டார், வந்தவர்களை உபசரித்தார், தாய்மாமன் இல்லாத குறை தெரியாமல் முன்னால் நின்று எல்லாம் செய்தார். அண்ணனோடு மட்டும் முகம் பார்த்துப் பேசாமல் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டியில் எங்களை யாருக்கும் தெரியாது. நைனா சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரயில்களைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் ரயில்வேயில் வேலை செய்த ஒருவர் அந்த வருஷம் ஓய்வுபெற இருந்தார். இவர் பழைய சர்க்கார் ஆள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

"சார், கிராஜுவிட்டிக்கு டாக்ஸ் உண்டா? பென்ஷனுக்கு எப்படி? பாக்கி மொத்தமா வந்தா புடிச்சிக்குவாங்களாமே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சட்டத்தின் பிரிவு எண் வரை நைனாவுக்கு மனப்பாடம். நைனா வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.