வெண்ணெய் இல்லாத கேக்

என் கணவருக்குக் கணையத்தில் வீக்கம் என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, இவர் கேக் சாப்பிடலாமா என்பதுதான். டாக்டர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெய், வெண்ணெய், முட்டையின் மஞ்சள், முந்திரி, தேங்காய், பொரித்தது எதுவும் கூடாது, மீறினால் மறுபடி இதே வலியோடு வந்து நிற்பீர்கள் என்று இந்தியில் சொல்லி முடித்தார். கோர்படியில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் என் கணவர் என் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். "விடுட்டி, இட்லி இருக்குல்லா" என்றார். வலி அவருக்கு, அழுகை எனக்கு.

நாங்கள் இருவருமே பூனாவில் பிறந்தவர்கள். எங்கள் பெற்றோர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தார், நான் பள்ளிக்கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்தால் மாலை டீயோடு நான் செய்த கேக் இருக்க வேண்டும். கல்யாணமான முதல் மாதத்தில் தொடங்கிய வழக்கம் அது. கேக் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் சபையில் யார் வீட்டு கேக்கைத் தின்றாலும் மனதுக்குள் மார்க் போட்டுவிடுவேன். பெரும்பாலும் குறைவாகத்தான்.

அதனால் டாக்டர் சொன்னதை நான் ஒரு சவாலாக எடுத்துக்கொண்டேன். வெண்ணெய்க்குப் பதில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டேன். அது களியாக வந்தது. வேகவைத்த ஆப்பிளை மசித்துப் போட்டேன், மேலே வெந்து நடுவில் குழைந்து கிடந்தது. மாவைக் கொஞ்சம் அதிகமாகக் கலக்கிவிட்டால் போதும், கேக் செருப்பாகிவிடும். கொழுப்பு இருந்தால் இந்தத் தப்பையெல்லாம் அது மூடி மறைத்துவிடும் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை. பிறகு ஆடை நீக்கிய பாலில் தயிர் தோய்த்து, துணியில் கட்டி வடித்து, வாழைப்பழத்தோடு சேர்த்தேன். மைதாவில் சோளமாவு கலந்தேன். முட்டையில் வெள்ளையை மட்டும் எடுத்து நுரைக்க அடித்தேன். திராட்சையை வேகவைத்துத் தோலை வடிகட்டினேன், தோல் அவருக்குச் செரிக்காது. பழைய நோட்டில் என் கையெழுத்தில் இருந்த 'வெண்ணெய்' என்ற வார்த்தையை ஒவ்வொரு பக்கமாக அடித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு. இன்னொண்ணு வை" என்பார். எட்டு மாதம் இதே வார்த்தை. வயிற்றுவலியும் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கோவிலில் மற்ற பெண்களிடம், கொழுப்பே இல்லாமல் பழைய ருசியைக் கொண்டுவந்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் அந்த வாரம் முழுக்க வீட்டில் கலந்த மாவைத் தகரப் பெட்டியில் ஊற்றி, தெருமுனை பேக்கரியின் பெரிய அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். நான் இரண்டு பெட்டி கொண்டுபோனேன். விருந்தாளிகளுக்கு வெண்ணெய் கேக், அவருக்கு அவருடையது. இரண்டிலும் கருக்கிய சர்க்கரை சேர்த்திருந்ததால் நிறம் ஒன்றுதான். அடையாளத்துக்கு வெண்ணெய் கேக்கின் மேல் ஒரு முந்திரியைப் பதித்தேன். வீட்டில் பெட்டியைத் தட்டில் கவிழ்த்தபோது அந்த முந்திரி அடிப்பக்கம் போய்விட்டது. கவிழ்த்தவள் நான்தான்.

மறுநாள் மதியம் லோஹேகாவிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அவசரத்தில் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எட்டு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

"இன்னைக்கு ஏக்தம் சரியா வந்துருக்குட்டி! கேக்கு கேக்கு மாதிரி இருக்கு" என்றார், இரண்டாவது வாயோடு.

எனக்குச் சுருக்கென்றது. தட்டைப் பிடுங்கினேன். துண்டின் அடியில் அரை முந்திரி இருந்தது. நான் பயந்திருக்க வேண்டும், டாக்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ இத்தனை நாளும் நான் செஞ்சது என்ன? மண்ணா? நல்லாருக்கு நல்லாருக்குன்னு பொய்தானே சொன்னீங்க?"

"பொய் இல்லட்டி..." என்று தொடங்கினார்.

"ஜானே தோ மா, விட்டுரு, கிறிஸ்துமஸ் இன்னைக்கு" என்றாள் மகள். நான் விடவில்லை. மருமகன் முன்னால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். இனி இந்த வீட்டில் அவருக்கு கேக் கிடையாது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன்.

அந்த இரண்டு வாயால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை டாக்டரிடம் பிறகு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் சொன்னபடி செய்தேன். ஜனவரி முழுக்க ஞாயிறு மாலை டீயோடு ரஸ்க் வைத்தேன். டீயில் நனைத்துத் தின்றார். ஒரு நாள், "அந்த வாழைப்பழ கேக்கு செய்யக்கூடாதா?" என்று கேட்டார். "எதுக்கு? இன்னும் பொய் சொல்லவா?" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் வரும் கோபம் எல்லாருக்கும் தெரியும். அது இறங்க எத்தனை நாளாகும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் காத்திருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தன. கணையத்தில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் சொட்டு மருந்திலேயே போனது. பிறகு கொஞ்சம் தேறி, கஞ்சித்தண்ணீர் குடித்தார். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இளைத்திருந்தார். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது கையைப் பிடித்தார்.

"நாளைக்கு வரும்போது அந்தக் கேக்கு ஒரு துண்டு கொண்டா."

"எது? வெண்ணெய் போட்டதா? டாக்டரம்மா கொன்னுருவாங்க."

"அது யாருக்கு வேணும்? அது ஊருக்குச் செய்யுதது. எனக்குன்னு செஞ்சியே, அது."

டாக்டரிடம் கேட்டேன். ஒரு விரலளவு, நன்றாக மென்று தின்றால் பரவாயில்லை என்றார். காலையில் எழுந்து வாழைப்பழம் பிசைந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு தயிரை வடிகட்டினேன், வெள்ளைக்கருவை அடித்தேன். ஆஸ்பத்திரியில் மகள் இருந்தாள். கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு, இன்று போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. மகள் அழுதாள். தமிழில் தொடங்கி, முடியாமல் இந்தியில் சொன்னாள். அப்பா போய்விட்டார், மூச்சுத் திணறல், ஐந்து நிமிடம்கூட இல்லை.

அடுப்பில் இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை. ஓடவும் இல்லை. அடுப்பின் கண்ணாடியைப் பார்த்தபடி மணி அடிக்கும்வரை நின்றேன். அவருக்காகச் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. வெளியே எடுத்து, சூடு ஆறுமுன்பே ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன்.

அந்த எட்டு மாதமும் நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி. எனக்கென்று அலமாரியில் வெண்ணெய் பிஸ்கட் டப்பா இருந்தது. ஒரு முழுத் துண்டைத் தின்றது அன்றுதான். பல்லில் ஒட்டியது, புளித்தது, எவ்வளவு மென்றாலும் தொண்டையில் இறங்க மறுத்தது. இதைத்தான் அவர் ஞாயிறு தவறாமல் இன்னொன்று வை என்று கேட்டு வாங்கித் தின்றார்.