மீகாங் ஆற்றைப் பார்க்கப் புறப்பட்ட லஸ்கர்

பூதலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார் திருத்தம், வாரிசுச் சான்றிதழ் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன காகிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். அதனால் யார் வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கேட்டாலும் சொல்ல மாட்டேன். கேட்காமலே சொல்லக்கூடிய ஒரே கதை இராஜாங்கம் லஸ்கருடையது. சொல்லிக்கொள்ளும்படி அவருடைய மனைவி அனுமதி கொடுத்திருக்கிறார். லஸ்கர் கொடுக்கவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

லஸ்கர் என்றதும் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுப்பணித் துறையில் மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவருக்கு இங்கே அதுதான் பெயர். ஜூனில் மேட்டூர் திறந்தால் ஜனவரிக் கடைசியில் மூடும்வரை இராஜாங்கத்துக்கு வீடு வாசல் கிடையாது. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் பெரிய கால்வாயின் கரையில் சைக்கிளை மிதித்துக்கொண்டே இருப்பார். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடப்போகிறார் என்பதை மட்டும் யாரிடமும் உண்மையாகச் சொல்ல மாட்டார். சொன்னால் நாற்பது பேர் மண்வெட்டியோடு மதகில் வந்து நிற்பார்கள், அடிதடி ஆகும். ஆகவே ஊருக்கு ஒரு நேரமாகச் சொல்லிவைப்பார். முப்பத்து நாலு வருடம் இப்படியே ஓடியதில் உண்மை என்பதே கடைசி நிமிடத்தில் திறந்துவிட வேண்டிய ஒரு சமாச்சாரம் என்று அவருக்கு ஆகிவிட்டது.

ஓய்வு பெற்ற அன்று துறையில் ஒரு சந்தன மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், போன மாசி மாதத்தில் ஒரு காலை என் கடைக்கு வந்தார். கையில் நீளமான பதிவேடு. தினமும் நீர்மட்டம் குறித்துவைப்பார்களே, அந்த மாதிரிக் கட்டம் போட்டது. நாள், இடம், நீர்மட்டம், குறிப்பு. இடம் என்ற கட்டத்தில் சியாங் சேன், லுவாங் பிரபாங், புனோம் பென் என்று எழுதியிருந்தது. நான் முதலில் ஏதோ மருந்துப் பட்டியல் என்றுதான் நினைத்தேன்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகத் திரியும் ஒரு பையனின் வீடியோவை அவர் போனில் பார்த்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். மீகாங் என்று ஒரு ஆறு இருப்பதையும், அதன் கரையெல்லாம் நெல்தான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். தாய்லாந்தில் தொடங்கி லாவோஸ், கம்போடியா வழியாக அது கடலில் விழும் கடைசி நாடு வரைக்கும் நாலு மாதம், ஒற்றை ஆளாக, ஒற்றைப் பையோடு போவது என்று திட்டம். அந்தக் கடைசி நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அங்கே இன்னும் பல பேருக்கு விண்ணப்பம் போடவேண்டியிருக்கிறது.

நான் நாகூர்க்காரன். எங்கள் தெருவில் பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள்தான். ஆனால் இந்த மாதிரி ஒரு பயணத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. தலைமடையிலிருந்து கடைமடைக்கு மட்டும்தான் போவார், ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஒரு அடி வைக்க மாட்டார். லாவோஸில் ஓர் ஊரில் பஸ் நிலையம் அவருடைய விடுதியிலிருந்து ஆற்றின் மேல்பக்கம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. அதற்காக அந்த பஸ்ஸையே தள்ளிவிட்டு, பதினோரு மணி நேரம் போகும் படகைப் போடச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். கடைசி நாள்தான் சொல்வதாம். அதற்குள் டீக்கடையில் காசி என்றும், மச்சானிடம் கேரளாவில் மூட்டு வைத்தியம் என்றும், கோயிலில் சென்னையில் மகள் வீடு என்றும் சொல்லிவைத்திருந்தார்.

ஏன் இப்படி என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பத்து நாலு வருசமா ஜீப்புல வந்தவனெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தான் பாய். நான் குடையப் புடிச்சிகிட்டுப் பின்னாடி ஓடுனேன். ஒரே ஒரு ஆத்தையாவது நான் இன்ஸ்பெக்‌ஷன் பாக்கணும். அங்க எவனும் என்கிட்ட தண்ணி கேக்கக் கூடாது."

எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டேன். விசாரணைக்கு வந்த காவலரை வீட்டுக்குப் போகவிடாமல் என் கடைக்கே வரவழைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். தபால்காரரை ரயில்வே கேட்டிலேயே மறித்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். இதற்கிடையில் சுமந்து பழக வேண்டுமென்று, மகள் செம்மொழி படிக்கும்போது கல்லூரிக்குக் கொண்டுபோன பழைய பையில் பன்னிரண்டு கிலோ ரேஷன் அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, தினமும் காலையில் கரையோரம் ஆறு மைல் நடந்தார். கேட்டவர்களிடம் அரைக்கப் போவதாகச் சொன்னார். போன அரிசி அப்படியே திரும்பி வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

பங்குனியில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு அவருடைய மனைவி செவ்வந்தி என் கடைக்கு வந்தார். நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவர் அவர். முப்பது பெண்களைக் காலை ஆறு மணிக்கு வரப்பில் நிறுத்தத் தெரிந்தவரிடம் எதையாவது மறைக்க முடியும் என்று லஸ்கர் எப்படி நினைத்தாரோ தெரியவில்லை. வந்ததும் வராததுமாக, வீட்டுக்காரர் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டார். வாடிக்கையாளர் ரகசியம் என்று நான் முறுக்காகப் பதில் சொன்னேன்.

"அரிசிய வாக்கிங் கூட்டிட்டுப் போற மனுசன நான் இப்பதான் பாக்குறேன் பாய். பையி கிழிஞ்சி வாசல்லேந்து வாய்க்கால் வரைக்கும் கோலம் போட்ட மாதிரி சிந்தியிருக்கு. சொல்றீங்களா, நானே தேடிப் பாக்கவா?"

சொல்லிவிட்டேன். என் கௌரவம் அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு தனக்கும் ஒரு பாஸ்போர்ட் போடச் சொன்னார். அவர் கடைசி நாள் சொல்லட்டும், நானும் கடைசி நாள் சொல்கிறேன் என்றார். சென்னையில் இருந்தபடியே செம்மொழி டிக்கெட் எடுத்துவிட்டாள். அம்மாவும் மகளும் எப்போதுமே ஒரு கட்சி. விசாரணைக்கு அதே காவலர்தான் வந்தார். அவருக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் காலையில் புருஷனுக்கும் மதியம் பெண்டாட்டிக்கும் ஒரே பயணத்துக்கு ஏற்பாடு செய்வது என் பிழைப்பாயிற்று. ஒருவருடைய காகிதம் மேஜையில் கிடக்கும்போது மற்றவர் வந்துவிட்டால் அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.

தவறு நடந்தது விசா விண்ணப்பத்தில். கடைசி நாட்டுக்கான படிவத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். சுற்றுலா என்று போடப்போனேன். லஸ்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேடிக்கை பார்க்கப் போகிறவன் இல்லை நான், இன்ஸ்பெக்‌ஷன் என்று போடுங்கள் என்றார். தொழில் என்ற இடத்தில் பாசனத் துறை என்றும் போடவேண்டுமாம். இது ஆபத்து என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர், எழுதத் தெரியவில்லை என்றால் தஞ்சாவூரில் வேறு கடை பார்க்கிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தால் எதிராளி சொன்னதை அப்படியே செய்துவிடுவேன், அதுதான் என் கெட்ட குணம். இந்திய பாசனத் துறை, தங்கள் ஆற்றைத் தலைப்பிலிருந்து கடல்வரை இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வருகை என்று தட்டி அனுப்பிவிட்டேன். அன்று மதியம் செவ்வந்தி அக்கா அதைப் படித்துக் காட்டச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனக்கு வேடிக்கை பார்க்க என்றே போடச் சொன்னார்.

ஆவணி பிறந்து விமானத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பதில் வந்தது. லஸ்கருக்கு விசா இல்லை. உடனே சுற்றுலா என்று மாற்றி இன்னொரு விண்ணப்பம் போட்டேன். அதற்கு இன்னும் சுருக்கமாக மறுப்பு வந்தது. ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன் என்று சொன்னவனை வேடிக்கை பார்க்க வருகிறான் என்று யார் நம்புவார்கள்? லஸ்கர் காலையிலிருந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். கடைமடையைப் பார்க்காமல் போவதற்குப் போகாமலே இருக்கலாம், எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள் என்றார். என் மேல் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மணி மூன்றானது எனக்கு மறந்தே போயிற்று. செவ்வந்தி அக்கா உள்ளே வந்து, பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தும் முகம் மாறாமல், என்னுடையது வந்துவிட்டதா பாய் என்று கேட்டார். வந்திருந்தது. அச்சடித்தேன். என் பிரிண்டர் அன்று வேண்டுமென்றே மெதுவாக ஓடியது. வெளியே வந்த தாளில் செவ்வந்தி இராஜாங்கம் என்ற பெயரை லஸ்கர் இரண்டு தடவை படித்தார்.

"நீ எங்க போற?"

"நீங்க போற எடத்துக்குத்தான்."

ஐந்து மாதமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். நீங்கள் சொன்னீர்களா என்று அக்கா திருப்பிக் கேட்டார். லஸ்கரின் குரல் இறங்கிவிட்டது. தனியாகப் போகவேண்டுமென்று ஓர் ஆசை, அவ்வளவுதான், உன்னை வேண்டாமென்று இல்லை என்றார்.

"அது எனக்குத் தெரியாதா. முப்பத்து நாலு ஆடிப்பெருக்குக்கும் நான் தனியாத்தான் ஆத்துக்குப் போயி மஞ்சக் கயிறு மாத்துனேன். நீங்க அதே ஆத்துலதான் இருந்தீங்க, ரெண்டு மைலு தள்ளி, மதகுல. என்னை வேணாம்னா அங்க இருந்தீங்க?"

எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் அது என் கடை. லஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார். நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு விசா வந்திருக்கிறது, நான் போகிறேன் என்று சொல்லி அக்கா தாளை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். கோபமே இல்லை, நாளைக்கு எந்த வயலில் நடவு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மூன்று நாள் கழித்து லஸ்கர் வந்தார். சவரம் செய்யவில்லை. முதல் மூன்று நாடுகளுக்கு விடுதி அறைகளை எல்லாம் இரண்டு பேருக்கு மாற்றச் சொன்னார். கடைசி நாட்டுக்கு மட்டும் அக்காவின் பெயரில், தமிழ் தெரியாத பத்துப் பேரோடு ஒன்பது நாள் படகுப் பயணம் ஒன்றைப் போட்டேன். லஸ்கர் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் காத்திருப்பதாக ஏற்பாடு.

திருச்சியில் விமானம் ஏறியதிலிருந்து எனக்கு இரண்டு பக்கமிருந்தும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. அவர் நீர்மட்டத்தை அனுப்புவார். அக்கா அவர் நீர்மட்டம் பார்க்கும் படத்தை அனுப்புவார். லுவாங் பிரபாங்கில் ஆற்றின் எதிர்த்திசையில் மேலே ஒரு அருவி இருக்கிறதென்று அக்கா கிளம்பிவிட, லஸ்கர் தன் சட்டத்தை உடைத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார். கம்போடியாவில் ஒரு வயலில் நடவு நடப்பதைப் பார்த்ததும் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு பத்தி நட்டுக் காட்டினாராம். அங்கே இருந்த பெண்கள் கைதட்டினார்களாம். அந்தப் படத்தில் லஸ்கர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கடைசி எல்லையில் பதிவேட்டை அக்காவிடம் கொடுத்து, ஒவ்வொரு ஊரிலும் நீர்மட்டம் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா படகேறிவிட்டார். ஒன்பது நாள் பதினோரு நாளாயிற்று. இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன், கடல் நன்றாக இருக்கிறது என்று அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வரித் தகவல் அனுப்பியிருந்தார். பத்தாம் நாள் நடுப்பகலில் லஸ்கர் என்னைக் கூப்பிட்டார்.

ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நாலு நாளாக அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லையாம். காலையில் எழுந்ததும் எல்லையிலிருந்து வண்டி வரும் பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். ஒவ்வொரு வண்டியிலும் இறங்குகிறவர்களைப் பார்க்கிறாராம். அவளுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா, படகில் தலைசுற்றியதா, எதுவும் தெரியவில்லை, ஒரு போன் போட்டால் என்ன என்று கோபப்பட்டார். பிறகு கோபம் தீர்ந்து வேறு மாதிரிக் குரலில், என்றைக்கு வருகிறாள் என்று உங்களுக்காவது தெரியுமா பாய் என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்றேன். அவள் வரட்டும் என்றார்.

உடனே செவ்வந்தி அக்காவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். வயசான மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார், எப்போது வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானே அவருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்குக் காலையில வந்துடுவேன் பாய். இன்னிக்கி ஒரு நாளு உக்காந்திருக்கட்டும். கலியாணம் ஆனதுலேந்து அவரு எனக்காகக் காத்துகிட்டு இருக்குறது இதான் மொதத் தடவ."