ஜோவெலினின் நாத்தனார் பாஸானாள்

எஸ்தான்சியா என்ற மீன்பிடி ஊரின் சந்தையில் கருவாடு விற்கும் ஜோவெலின், கணக்கில் தவறி, உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பை இரண்டு முறை படித்தவள். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழ் அது. அதே வீட்டில் இருக்கும், எட்டாவதோடு நின்றுபோன நாத்தனார் அனலிசா, படிப்பை விட்டவர்களுக்காக ஊர் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தபோது, ஜோவெலினுக்கு வயிறு எரிந்தது.

"வாரத்துல ஒருநாள் போனா எனக்குக் குடுத்த மாதிரியே சான்றிதழா? அப்ப நான் என்ன முட்டாளா?"

"அவளும் பரீட்சை எழுதணும்ல," என்றார் கணவர், வலையில் சிக்கெடுத்தபடி.

பரீட்சையன்று அனலிசா கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"அண்ணி, மத்தியானம் வரைக்கும் பாத்துக்குறீங்களா?"

மாமியார் எதிரே நின்றிருந்ததால் மறுக்க முடியாமல் ஜோவெலின் குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை பாலுக்குக் கதறவே, பரீட்சை நடந்த பள்ளிக்கே தூக்கிப்போனாள். ஜன்னல் வழியே அனலிசா தெரிந்தாள். பென்சிலைக் கடித்தபடி விழித்துக்கொண்டிருந்தாள். கணக்காகத்தான் இருக்கும். தவறட்டும் என்று ஜோவெலினின் மனம் வேண்டியது.

அனலிசா தவறினாள். முடிவு வந்த அன்று, காரணம் சொல்லாமல் ஜோவெலின், விசேஷ நாளில் செய்யும் பான்சிட் நூடுல்ஸ் கிளறினாள். அனலிசா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"சனிக்கிழமை திரும்பப் போறேன் அண்ணி. எங்க தப்புப் பண்ணேன்னு வாத்தியார்கிட்ட கேக்கணும்."

"வெக்கமா இல்லையா உனக்கு?"

"நீங்க திரும்பப் போகலையா? உங்களைப் பாத்துதான் எனக்கே தைரியம் வந்துச்சு."

ஜோவெலின் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். தவறிய வருடம் அவள் தெருவில் தலைகாட்டாமல் அத்தை வீட்டில் ஒளிந்துகிடந்தாள்; அப்பா இழுத்துக்கொண்டு போய்த்தான் மறுபடி சேர்த்தார். அது அனலிசாவுக்குத் தெரியாது. சான்றிதழைவிட, கூசாமல் இரண்டாவது தட்டை நீட்டும் அந்த மனசின் மேல்தான் இப்போது பொறாமை வந்தது.

அடுத்த முறை அனலிசா தேறினாள். சான்றிதழ் விழாவில் அவளோடு படித்த மீன்காரிகளும் வண்டியோட்டிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் பள்ளி விழாவில் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் இப்படித் தட்டியதாக ஜோவெலினுக்கு நினைவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்ததால், தன்னால் தட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டாள்.

கணவர் இரண்டு சான்றிதழ்களையும் சட்டம் போட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து ஜோவெலின் தன்னுடையதை இரண்டு விரல் மேலே ஏற்றி ஆணியடித்தாள்.

மறுநாள் அனலிசா அதைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுது கொஞ்சம் கோணலா இருக்கு," என்று சொல்லி, முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, இருந்த உயரத்திலேயே அதை நேராக்கினாள்.