ஷாகுவுக்கு எத்தனை அங்குலம்

சாம்பல் நிறப் பட்டு. அகலத்தில் நம் சேலையின் மூன்றிலொரு பங்குதான். நீளமோ முப்பத்தேழு அடி. தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில் நான் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவின், சிஞ்ஞோராவின், சாப்பாட்டு மேசையில் அது சுருள் பிரிந்து கிடந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சிஞ்ஞோரா ஜப்பான்காரி. தாயின் சொல்லை மீறி இத்தாலிய டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பதினொரு வருடமாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் அந்தப் பட்டும், கிமோனோவுக்கான அளவுகள் எழுதிய ஒரு தாளும் தபாலில் வந்தன. கீழே ஒரே ஒரு வரி: ஈஸ்டருக்கு வருகிறேன், இதை உடுத்திக்கொண்டு நில்.

சிஞ்ஞோராவுக்குப் பொத்தான் தைக்கவும் வராது. நான் யாழ்ப்பாணத்தில் தையல் பழகியவள். நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுப்பவள். நான் தைக்கிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் கை என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. தாளில் அளவுகள் எல்லாம் ஷாகுக் கணக்கில் இருந்தன. ஷாகு என்றால் எவ்வளவு என்று சிஞ்ஞோராவுக்கே நிச்சயமில்லை. வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார்.

"அவவின்ரை தாயிட்டைப் போனிலை கேக்கச் சொல்லுமன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

சிஞ்ஞோரா மாட்டேன் என்றுவிட்டார். பதினொரு வருடம் கழித்துப் பேசும் முதல் பேச்சே எனக்குத் தைக்கத் தெரியாது என்பதா என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

டாக்டரின் ஆங்கில அகராதி வழி காட்டியது. ஒரு ஷாகு ஓர் அடியை விடச் சற்றுக் குறைவு. நம் தச்சர்கள் அங்குலத்தின் எட்டிலொரு பங்கை நூல் என்பார்களே, அதில் அரை நூல்தான் குறைவு. அப்படியானால் பிறந்த ஊர்க் கணக்குத்தானே என்று எனக்கு ஒரே குஷி. எல்லா அளவையும் கூட்டினேன்; முப்பது அடிக்குள் அடங்கியது. ஏழு அடிக்கு மேல் துணி மிச்சம். எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. சேலை என்றால் தலைப்புக்கு மறுபக்கம் சட்டைத்துண்டு வரும்தானே? யாழ்ப்பாணத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கத்தரிக்கோலை எடுத்து அந்தத் துண்டை வெட்டி மடித்துவைத்தேன்.

கோப்பியுடன் வந்த சிஞ்ஞோரா அதைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். சட்டைத்துண்டு என்றேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. தையல் தெரியாவிட்டாலும், சிறுவயதில் தாயிடம் கேட்ட இரண்டு விஷயங்கள் அவருக்கு நினைவிருந்தன. கிமோனோத் துணியில் மிச்சம் விழாது. உடுப்பு ஆளின் முழு உயரம் இருக்க வேண்டும், கூடுதலை இடுப்பில் மடித்துக் கட்டுவார்கள். தாளில் உடுப்பின் நீளம் நாலு ஷாகு. அவரை நிற்கவைத்து நிலத்திலிருந்து நாற்பத்தெட்டு அங்குலம் பிடித்துப் பார்த்தேன். தோளுக்குக்கூட எட்டவில்லை. சிஞ்ஞோரா கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

ஆனால் கணக்கு அழாது. சிஞ்ஞோராவின் உயரம் சரியாக ஐந்தடி, அறுபது அங்குலம். நாலால் பிரித்தால் பதினைந்து. தாய் எழுதியது வேறு ஷாகு. துணிக்கென்றே ஒன்று இருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். உடுப்பின் இரண்டு கைகளுக்கும் மடிப்பும் தையலும் சேர்த்துத் தேவைப்பட்டது ஏழு அடி. நான் வெட்டிவைத்த துண்டு ஏழு அடி ஐந்து அங்குலம். மற்ற முப்பது அடியில் உடலும் கழுத்துப்பட்டியும் இறுக்கமாக அடங்கின. சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து, "அழாதேங்கோ, நான் வெட்டினது கைத்துண்டு" என்றேன்.

ஈஸ்டருக்கு முதல் வாரம் தாய் வந்தார். மெலிந்த சின்ன மனுஷி. கிமோனோ உடுத்தி நின்ற மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, கிட்ட வந்து உடுப்பின் கையைத் திருப்பித் தையலைப் பார்த்தார், பைக்குள்ளிருந்து ஒரு ஷாகு நீளமான மூங்கில் அளவுகோலை எடுத்து அளந்தார். நான் என் அளவுநாடாவை அதன் பக்கத்தில் வைத்தேன். பதினைந்து அங்குலத்துக்கு ஒரு நூல்கூடக் குறையவில்லை. அகராதியில் இருந்தது தச்சர்களின் ஷாகு, இது துணியின் ஷாகு. பிறகு சிஞ்ஞோரா தாயிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்: யார் தைத்தது, என்ன வெட்டுப்பட்டது, எப்படித் தப்பியது என்று. கிழவி என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். பின்பு மகளிடம் வெகுநேரம் மெதுவாகப் பேசினார்.

அவர் என்ன சொன்னார் என்பதைச் சிஞ்ஞோரா குசினி அடுப்படியில் வைத்துத்தான் எனக்கு இத்தாலியனில் சொன்னார்.

"கோலை அவ வேணுமெண்டுதான் அனுப்பேல்லையாம். அளவு தெரியாமல் நான் போன் எடுப்பன் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தவவாம்."

அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அன்று அது எனக்குப் பிடிபடாமல் போயிருந்தால், சிஞ்ஞோரா வேறு வழியில்லாமல் போனை எடுத்திருப்பார். அந்தத் தாய்க்கு ஒரு மாதம் முன்னமே மகளின் குரல் கேட்டிருக்கும்.