சத்தம் போடாத பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று அடங்கி ஆவணி பிறந்திருந்த சமயம், கோட்டைப்பட்டினம் என்ற மீனவ ஊரில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் கீரனூர். தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், படகுகளுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்போது நாங்கள் ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்திருந்தோம். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். படகு நடுக்கடலில் உள்ள நாட்டு எல்லைக் கோட்டை நெருங்கினால் சைரன் அடிக்கும். அந்தக் கோட்டைத் தண்ணீரில் யாரும் வரைந்து வைக்கவில்லையே! தெரியாமல் தாண்டினால் அந்தப் பக்கத்து ரோந்துக் கப்பல் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆள் என்றைக்காவது திரும்பி வரலாம், படகு வராது.

சோதனைக்காக நாட்டுப்படகு வைத்திருந்த ஓர் அண்ணனிடம் ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தோம். அவரோடு கடலுக்குப் போவது அவருடைய மச்சினன். ஒரே வீட்டின் இரண்டு ஆண்களும் ஒரே படகில். முந்தின வாரம் நான் போய்ப் பெட்டியில் புது நிரலை ஏற்றிவிட்டு வந்தேன். பாறைகள் இருக்கும் இடங்களையும் காட்டச் சொல்லிப் பலர் கேட்டதால், அந்த விவரங்களை எல்லாம் சேர்த்திருந்தோம். அதற்குப் பிறகு காற்றுக்குப் பயந்து யாரும் கடலுக்குள் போகவில்லை. நான் மறுபடி போன அன்றுதான் விடியுமுன் கிளம்பியிருந்தார்கள். சாயங்காலம் கரைக்கு வந்ததும், புது நிரல் எப்படி வேலை செய்தது என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் வீட்டில் காத்திருந்தேன்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து ஒங்க அண்ணன் என் பேச்சைக் கேக்குறதே இல்ல, பொட்டி பேச்சத்தான் கேக்குறாரு" என்று கேலி செய்தார். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

சும்மா உட்காரப் பிடிக்காமல், அதே புது நிரல் ஏற்றிய இன்னொரு பெட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். அங்கே நாட்டுப்படகுக்காரர்கள் கரையேறியதும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். சார்ஜ் போடவும் வேண்டும், படகிலேயே விட்டால் கை நீளமானவர்களுக்கு வசதியாகவும் போய்விடும். வீட்டில் சும்மா கிடந்த ஒரு பேட்டரியில் பெட்டியை மாட்டினேன். படகு எல்லையை நோக்கிப் போவது போல மடிக்கணினியிலிருந்து பொய்யான தகவல் கொடுத்தேன். திரையில் படகு நகர்ந்தது. எல்லைக்குப் பக்கத்தில் வந்தது. தாண்டியே போய்விட்டது. சைரன் அடிக்கவில்லை.

ஏதோ ஒயர் சரியில்லை என்று நினைத்து, அலுவலகப் பழக்கத்தில் ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை வீடே அதிர சைரன் அடித்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல், பேட்டரி ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். படகு எல்லையைத் தாண்டியது. பெட்டி வாயே திறக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் பிராசசர், மின்சாரம் வந்தவுடன் முழுத் திறனோடு எழுந்திருக்காது. முதலில் மிகப் பழைய ஒரு நிலையில் எழும். அந்த நிலையில் அதனால் நினைவகத்தில் கொஞ்ச தூரம்தான் எட்டிப் பார்க்க முடியும். பிறகு நம் நிரல் மேல் நினைவகத்தின் கதவைத் திறந்து, அதைப் பெரிய நிலைக்கு மாற்றி, பேஜிங் என்கிற முகவரி அட்டவணையையும் போட்டுக் கொடுத்தால்தான் மிச்ச இடமெல்லாம் அதற்கு வசப்படும். நாங்களோ எல்லைக் கோட்டை அந்தச் சின்ன நிலையிலேயே படித்துக்கொள்ளும்படி வைத்திருந்தோம். பாறைகளைச் சேர்த்ததில் பட்டியல் நீண்டு, கோட்டைப்பட்டினத்துக்கு நேரான எல்லைப் பகுதி எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. எட்டாத முகவரியைக் கேட்டால் பிராசசர் தெரியாது என்று சொல்லாது. வண்டி மீட்டர் நிறைந்ததும் பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, தொடக்கத்துக்கே சுற்றி வந்து, அங்கே கிடப்பதை எடுத்து நீட்டும். அங்கே கிடந்தது எங்கோ தள்ளி இருக்கும் எல்லை. பெட்டியைப் பொறுத்தவரை படகுக்கு முன்னால் கடல் காலியாக இருந்தது.

அலுவலகத்தில் நாங்கள் யாரும் ஒயரைப் பிடுங்க மாட்டோம், பொத்தானைத்தான் அழுத்துவோம். அப்படிச் செய்தால், மின்சாரம் போகாததால் முன்பே திறந்துவிட்ட அந்தக் கதவு திறந்தபடியே இருக்கும், எல்லாம் சரியாக வரும். இங்கேயோ தினமும் பேட்டரி வீட்டுக்கு வருகிறது. அன்று விடியற்காலையிலும் அந்த அண்ணன் புதிதாக மாட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல், மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் வயர்லெஸ் செட் வைத்திருக்கும் ஐஸ் கடை பாயிடம் ஓடினோம். அண்ணன் படகில் செட் கிடையாது; அந்தப் பக்கம் போயிருக்கும் விசைப்படகுகளைப் பாய் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். கரையிலிருந்து அவ்வளவு தூரம் எட்டவில்லை. கொரகொரவென்ற இரைச்சல்தான் வந்தது.

கடைசியில் யாரோ ஒருவரின் குரல் கேட்டது. அவர் வேறு ஊர் விசைப்படகுக்காரர், நடுவழியில் இருந்தார். பாய் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். நான் நினைவகம், நிரல் என்று ஏதோ ஆரம்பித்தேன். அக்கா மைக்கைப் பிடுங்கினார்.

"அண்ணே, பொட்டி பொய் சொல்லுது. எங்க வீட்டுக்காரரும் தம்பியும் அத நம்பிப் போயிக்கிட்டு இருக்காங்க. எப்படியாச்சும் திருப்பி விட்டுருங்க."

நாங்கள் யார், எந்த ஊர் என்று அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படகின் நிறத்தை மட்டும் கேட்டார். விரித்த வலையைப் பாதியிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு கிழக்கே போகிறேன் என்றார். அதோடு சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு இருந்த நேரம்தான் கொடுமை. அக்கா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்காரவும் பயந்து நின்றுகொண்டே இருந்தேன். இந்தப் பெண்ணின் வீட்டையே காலி பண்ணிவிட்டோமே என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது. என் குலதெய்வத்தை நான் அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி பரீட்சைக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது அதே குரல் வந்தது. "திருப்பிட்டேம்மா. இன்னும் ரெண்டு வலை நீளம் போயிருந்தா அங்கிட்டுத்தான். தூரத்துல கப்பல் தெரிஞ்சிச்சு."

அக்கா அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். பாய் செட்டைத் துடைப்பது மாதிரி திரும்பிக்கொண்டார். அந்தக் குரலுக்குரியவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. விசாரித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

படகு கரைக்கு வந்தபோது நான்தான் முன்னால் போய் நின்றேன். தவறு பெட்டியில்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அண்ணன் பெட்டியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, "அது சத்தம் போடலையேம்மா, அதான் போயிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

எல்லைக் கோட்டைப் பெரிய நிலைக்கு வந்த பிறகே படிக்கும்படி மாற்றி, மறுபடி கொண்டுபோனபோது அக்காதான் வாங்கினார். தன் கண் முன்னாலேயே ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொல்லி, சைரனைக் காதால் கேட்ட பிறகுதான் படகில் ஏற்றவே விட்டார்.

சத்தம் கேட்டால்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். சத்தம் வராததை நம்பி ஒரு மனிதர் தன் உயிரையும் மச்சினன் உயிரையும் கொண்டுபோவார் என்று தெரிந்த பிறகு, எந்தப் பெட்டி என் மேஜைக்கு வந்தாலும் முதலில் அதன் ஒயரைப் பிடுங்கி மாட்டுகிறேன், அது சும்மா இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணன் சொன்னதுதான் என் காதில் கேட்கிறது.